அடியும் கீழும்

ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்றொரு சொல் உண்டு. கடலுக்கும் பாட்டம் உண்டு. கலத்துக்கும் நாற்காலிக்கும் வகுப்புக்கும் உண்டு. மொழிபெயர்ப்புப் பாடவேளையில் இச்சொல் பலமுறை பயின்று வந்த பகுதியொன்றை முதுகலை மாணவர்க்குக் கொடுத்தோம். கடலின் பாட்டத்தை ‘அடி’ என்றனர்; பாத்திரத்தின் பாட்டத்தையும் ‘அடி’ என்றனர்; இவை பொருந்தின. வகுப்பிலே பாட்டமாக நின்ற மாணவனை ஒருவர் ‘வகுப்பின் அடியில் இருந்த மாணவன்’ என்று எழுதினார். பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்தானோ என்று மற்றொருவர் வினவ, வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பை யாம் மறக்கவில்லை. ஆங்கிலச் சொல் செல்லும் வழியெல்லாம் தமிழ்ச் சொல் செல்லாது எங்கேயோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அவ்விடம் யாது, நின்றது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆராய்ச்சிக்கு வேண்டிய வழக்குகளை இரு களங்களிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒன்று இலக்கண இலக்கிய நூல்கள். மற்றொன்று யாம் குடியிருக்கும் மேற்கு மாம்பலத்துத் தெருக்கள். பேச்சு வழக்கை ஆராய்ச்சிக்கு ஆகாதது என ஒதுக்குவோர் இன்றும் உளர். அவர்க்கு விடையாக ஒன்று கூறுவோம்: வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் நாடியே தொல்காப்பியர் நூல் செய்தார் எனப் பாயிரம் கூறுகிறது, அவ்விரண்டனுள்ளும் வழக்கையே முன் வைக்கிறது.

அடி என்னும் ஒலி ஒன்றாயினும் சொல் ஒன்றன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பாதம் முதலிய பொருள்களைத் தரும் பெயரையும், புடைத்தல் பொருள் தரும் வினையையும் வேறு பிரித்தே காட்டுகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961, திருந்திய பதிப்பு 1984) அவ்விரண்டையும் தனித்தனி வேர்களாகவே கொள்ளும். பெண்ணை விளிக்கும் ‘அடி’, ‘அடியே’ என்பன ‘அடா’ என்பதன் இணையாதலின் மூன்றாவது ஒன்று. இப்பகுப்பில் எமக்கு மாறுபாடு இல்லை. எம் மாறுபாடு முதற் சொல்லின் உள்ளமைப்புப் பற்றியது. பாதம், சுவடு, அளவு, செய்யுளுறுப்பு, கீழ்ப்பகுதி, மூலம் எனப் பொருள்களை எண்ணிட்டு அடுக்குவதோடு அகராதிகள் அமைகின்றன. எண்ணிட்டு அடுக்கிய பொருள்களுக்குள் உறவு யாது, எதிலிருந்து எது கிளைத்தது, எதற்கு எது அயல் என்பன பயில்வோனுக்குப் புலப்படுவதில்லை. திவாகரமும் சூடாமணியும் தம் பதினோராம் தொகுதியில் ஒரு சொற் பல்பொருட் பெயர்களைத் தொகுத்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது. நிகண்டு மனப்பாடத்திற்கு உரியது. பேரகராதிக்கு அது போதாது.

பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது எனவும், வேறுபடாதது எனவும் தொல்காப்பியர் இரண்டாக்கினார். உரையாசிரியர் முதல்வகைக்குக் காட்டும் சொல் ‘மா’ என்பது. பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு. அடிக்கும் அவ்வாறே வினை துணைசெய்கிறது. அடி பற்றினான் என்றால் பாதம். அடிபட்டான் என்றால் புடைப்பு. பால் அடிப்பிடித்தது என்றால் பாத்திரத்தின் உட்புறத் தாழ்பகுதி. அடி தளை தட்டிற்று என்றால் செய்யுள். ஒற்று ஒன்று மிகுந்தாலும் பொருள் மாறும். ‘அடிபட்ட வழக்கு’ என்று எழுதினால் காயமுற்ற வழக்கு எனப் படும். உரையாசிரியர் நடையில் வரும் ‘அடிப்பட்ட வழக்கு’ தொன்றுதொட்டு வந்த வழக்கு. விடைத்தாள்களில் இவ்வொற்றினை விழுங்குவோர் தம் முன்னோரையெல்லாம் புடைத்துவிடுகின்றனர்.

இனி முதற் சொல்லின் உட்பொருளுக்கு வருவோம். மக்கள் உடம்பின் பாதமே மூலப்பொருள், மரத்துக்கும் மலைக்கும் பாத்திரத்துக்கும் அது ஆகுபெயராய்ச் சென்றது என்பது எளிதிற் கூறப்படும் விளக்கம். ஐரோப்பிய மொழிகளில் மலையின் பாதம், கட்டிலின் பாதம் என வருவன இவ்விளக்கத்துக்கு ஊக்கமளித்தன போலும். யாம் இதனை ஒப்புவதில்லை. கன்னடத்தும் மலையாளத்தும் ‘அடி’ என்பதற்கும், தெலுங்கில் ‘அடுகு’ என்பதற்கும் பாதப்பொருளும் தாழ்பகுதிப்பொருளும் ஒருங்கே உண்டாதலின், இவற்றுள் எது முந்தியது என்பதை இனமொழி ஒப்பீட்டால் மட்டும் துணிதல் இயலாது. தமிழ் வழக்கையே நோக்குதல் வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் எவரும் ‘என் அடி வலிக்கிறது’ என்று மருத்துவரிடம் சொல்வதில்லை. சொன்னால், யார் அடித்தார் என்று அவர் கேட்பார். கால் வலிக்கிறது, பாதம் எரிகிறது, உள்ளங்கால் குத்துகிறது என்பனவே வழக்கு. உடம்பின் உறுப்பைச் சுட்டும் தொழிலை இச்சொல் ஏறத்தாழ இழந்துவிட்டது. அது வாழுமிடங்கள் மூன்று: நடையைக் குறிக்கும்போது (காலடி, அடிமேல் அடி), அளக்கும்போது, வணங்கும்போது. இம்மூன்றிலும் பாதம் தசையும் விரலுமாகிய உறுப்பாக நோக்கப்படவில்லை. நிலத்தைத் தொடும் பகுதியாகவே நோக்கப்படுகிறது. மரத்தின் அடியும் அதுவே. மலையின் அடியும் அதுவே. ஆகவே அடி என்பதன் உட்கருத்து ‘ஒன்று எதன்மேல் நிற்கிறதோ அப்பகுதி’ என்பது எம் துணிபு. மனிதனுக்கு அது பாதமாயிற்று. குடத்துக்கு அது புறவட்டமாயிற்று.

ஆங்கிலச் சொல்லை இங்கே ஒப்புநோக்குதல் பயன்தரும். மனித உடம்பில் ‘பாட்டம்’ என்பது பிட்டத்தைக் குறிக்கும். அதாவது, மனிதன் எதன்மேல் அமர்கிறானோ அது. தமிழ்ச்சொல் அங்கே தங்காமல் நிலம்வரை இறங்கியது. மனிதன் எதன்மேல் நிற்கிறானோ அது அடி. அமர்வு ஒரு மொழியிலும் நிற்றல் ஒரு மொழியிலும் தாழ்பகுதியை வரையறுத்தன. ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் வரும் நெசவாளிக்கு இச்சொல்லே பெயர். நூல் சுற்றும் கட்டைக்கும் நூலுருண்டைக்கும் அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. கழுதைத்தலை பெற்றவனுக்கு இப்பெயர் வாய்த்ததைக் கொண்டு அவையோர் நகைத்திருப்பர். தமிழில் அடிகள் என்னும் பெயரைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை, எழுந்து நிற்பர்.

கீழ் என்னும் சொல்லோடு வைத்து நோக்கினால் இது மேலும் விளங்கும். பறக்கும் விமானத்துக்குக் கீழே நகரம் இருக்கிறது. விமானத்தின் அடியில் நகரம் இல்லை. விமானத்தின் அடி அதன் வயிற்றுப்புறத் தகடே. கீழ் இடத்தைக் குறிக்கும். அடி பொருளின் ஓர் உறுப்பைக் குறிக்கும். இலக்கணத்தாற் கூறின், கீழ் என்பது ஏழாம் வேற்றுமைப் பொருள். அடி என்பது சினை. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு எடுத்தோதிய சொற்களுள் கால், தலை, இடை, கடை என உடம்போடும் உறுப்போடும் தொடர்புடையன பல உள; கீழும் மேலும் உள; அடி இல்லை. நன்னூலார் அவ்வரிசையை 28 ஆக விரித்து வாய், முதல் என்பனவற்றையும் சேர்த்தார். அவரும் அடியைச் சேர்க்கவில்லை. இருபெரும் இலக்கணிகள் ஒருங்கே மறந்தனர் எனல் பொருந்தாது. அவர்கள் காலத்துச் செவிக்கு அடி என்பது உருபாகத் தேயாமல், பொருளின் பகுதியாகவே நின்றது எனக் கொள்வதே முறை. தொல்காப்பியர் ‘பிறவும்’ என வாயிலைத் திறந்துவைத்தார். அவ்வாயில் வழியே பின்னர் இச்சொல் நுழைந்தது. மரத்தடி என்பது மரத்தின் வேர்ப்புறத்தை மட்டும் குறித்தது போய், நிழல் விழும் பரப்பையெல்லாம் குறிக்கலாயிற்று. ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. மதுரையில் அரசரடி, யாழ்ப்பாணத்தில் வேம்படி, மட்டக்களப்பில் நாவலடி, அரசடி. ஈழத்து வழக்கு இன்னும் ஒருபடி சென்றது. ‘கோயிலடியில் நிற்கிறார்’ என்று அவர்கள் கூறும்போது கோயிலுக்கு அண்மையில் என்பதே பொருள். அடித்தளத்தை எவரும் நினையார். மேற்கு மாம்பலத்திலோ ‘கோயிலாண்டை’, ‘கோயில்கிட்ட’ என்பார்களேயன்றிக் கோயிலடி என்னார்.

கீழ் என்பதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. நிலம் கிழக்கே சரிதலின் கிழக்கு கீழாயிற்று, மேற்கு மேலாயிற்று. அவ்வகையில் மேற்கு மாம்பலத்தார் சொல்லளவில் மேலோரே. தியாகராய நகரம் 1920களில் மயிலாப்பூர் நெடிய ஏரியை வற்றச்செய்து அமைத்த நகரமாதலின், இருப்புப்பாதைக்குக் கிழக்கேயிருப்போர் ஏரியின் அடியில் வாழ்கின்றனர் எனலும் ஆம். ஏரி போயிற்று, மேற்குப்புறத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்னும் பெயர் மட்டும் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறது.

தமிழில் தரவரிசையைத் தாழ்த்திக் காட்டும் சொற்கள் எவை என்று பார்த்தால், அவற்றுள் அடி இல்லை. கீழோர், கீழ்மை, கீழமை நீதிமன்றம் எனக் கீழும், கடையர், கடைப்பட்டவர் எனக் கடையுமே அத்தொழிலைச் செய்கின்றன. நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாக்கி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்கியது. எம் மாணவர் எழுதத் தவறிய சொல் இதுவே. சங்கங்களையும் தலை, இடை, கடை என்றே வழங்கினோம். அரசு அலுவலகங்களிலும் கடைநிலை ஊழியர் என்றே வழங்கிவந்தனர்; அடிநிலை ஊழியர் என்னவில்லை. வரிசைக்குக் கடை உண்டு. நிற்கும் பொருளுக்கே அடி உண்டு. வகுப்பு வரிசை, ஆதலின் அதற்கு அடியில்லை.

தாழ்பகுதி தமிழில் இழிவாகாமல் தொடக்கமானது ‘முதல்’ என்னும் சொல்லாலும் துணியப்படும். மரத்தின் அடியும் முதல். எண்ணின் தொடக்கமும் முதல். சினையையுடைய முழுப்பொருளும் முதல். வாணிகத்துக்கு இடும் பொருளும் முதல். அடிநாள் என்றால் ஆதிநாள். அடியோடு மறந்தான் என்றால் கடுகளவும் எஞ்சாமல் மறந்தான். ஓருறுப்பின் பெயர் முழுமையை உணர்த்திற்று. ஆங்கிலச் சொல்லுக்கும் ஒருகாலத்தில் இவ்வளம் இருந்தது. அதன் இனச்சொல் வேதமொழியில் ‘புத்ந’. ஆழத்துப் பாம்பாகிய அஹிர்புத்ந்யன் பெயரில் அது உள்ளது. இலத்தீனில் ‘ஃபுண்டுஸ்’, அதற்குத் தாழ்பகுதி என்பதோடு நிலம், பண்ணை என்னும் பொருள்களும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபண்டு’ என நாம் அன்றாடம் கூறும் முதற்பணம் அவ்விலத்தீன் சொல்லின் வழிவந்தது. தாழ்பகுதி, நிலம், முதற்பணம் ஆகிய மூன்றும் அங்கும் ஒரு சொல்லைச் சுற்றி நின்றன.

இம்மூன்றும் ஒருங்கு நிற்பதை மேற்கு மாம்பலத்தில் வீடு வாங்குவோர் நன்கறிவர். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அதன்மேல் எழும் அடுக்ககத்தில் ஒவ்வொருவர்க்கும் வீட்டின் பரப்பும் அடியில் கூறப்படும். நிலத்திற் பிரிபடாத பங்கும் அடியில் கூறப்படும். கோயில் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டோர் செலுத்துவது அடிமனை வாடகை. கட்டடம் ஒருவருடையது, அடிமனை மற்றொருவருடையது என்னும் நிலையில் வழக்கு எழுந்தால், நிற்பது யாருடையது என்பதனினும் எதன்மேல் நிற்கிறது என்பதே முதலில் வினவப்படும். நீருக்காகத் துளையிடுவோரும் இச்சொல்லை இருபொருளில் வழங்குவதைக் கேட்டிருக்கிறோம். ‘நூறடி போயாச்சு, அடியில பாறை’ என்றார் ஒருவர். முதலடி அளவு, இரண்டாமடி ஆழம். கேட்டோர் எவர்க்கும் மயக்கம் எழவில்லை.

அடி என்னும் நீட்டலளவை ஆங்கிலேயர் வழிவந்த மொழிபெயர்ப்பு என்று எண்ணுவோர் பலர். 12 அங்குலம், 30.48 செ.மீ. என்னும் வரையறை அவர்கள் வழிவந்ததே. ஆனால் அடியால் அளத்தல் நம் பழவழக்கு. இடைக்காலக் கல்வெட்டுகளில் பன்னீரடிக்கோல், பதினெண்ணடிக்கோல் என நிலமளக்கும் கோல்கள் உள்ளன. சோழர் கல்வெட்டுகளில் ஸ்ரீபாதக்கோலும் உண்டு. உலகளந்தவன் கதையிலும் அளவுகருவி அடியே. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறை வந்தபின்னும் மனை வாங்குவோர் அடியை விடவில்லை. ஆங்கில அளவை என்பதற்காகவே பற்றியிருந்தால் ஃபர்லாங்கையும் பற்றியிருப்பர்.

செய்யுளுறுப்பாகிய அடியே எம் கொள்கைக்கு முதலில் இடர் தருவது. முதலடியும் அடி, ஈற்றடியும் அடி. பாட்டின் உச்சியில் நிற்கும் வரியை எவ்வாறு தாழ்பகுதி என்பது? ஆங்கிலத்தில் சீரையே ‘பாதம்’ என்னும் சொல்லால் பெயர்த்து, அடியை ‘வரி’ என்றனர். வடமொழியில் பாதம் என்பது செய்யுளின் காற்கூறு. நாற்கால் விலங்கின் ஒரு காலை நோக்கிய பெயர். தமிழிலும் கால் என்பது நான்கில் ஒன்று; அரை என்பது இடுப்பும் ஆம், பாதியும் ஆம். நம் முன்னோர் உடம்பைக் கொண்டே பின்னம் வகுத்தனர். எனினும் செய்யுளடிக்கு நான்கில் ஒன்று என்னும் கருத்தே இல்லை. குறள் வெண்பாவுக்கு 2 அடி. ஆசிரியப்பாவுக்குச் சிறுமை 3, பெருமை 1000 எனத் தொல்காப்பியம் கூறும். குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31 எனத் தொகைநூல்களையே அடிகொண்டு பகுத்தனர். இங்கே அடி என்பது எடுத்துவைக்கும் அடி. பாட்டு நடக்கிறது; ஒவ்வோரடியிலும் நிலத்தை ஊன்றுகிறது. செய்யுளுக்கும் உரைக்கும் ‘நடை’ என்று பெயரிட்ட மொழியில் இது வியப்பன்று. ஆதலின் செய்யுளடியும் ‘நிற்கும் பகுதி’ என்னும் உட்கருத்துக்குப் புறம்பன்று. ஊன்றிய இடங்கள் பலவாதலின் அடிகளும் பலவாயின.

தொல்காப்பியர் குறளடியை 4 முதல் 6 எழுத்து, சிந்தடியை 7 முதல் 9, அளவடியை 10 முதல் 14, நெடிலடியை 15 முதல் 17, கழிநெடிலடியை 18 முதல் 20 என எழுத்தெண்ணி வகுத்தார். பின்வந்தோர் அவற்றைச் சீரெண்ணி வகுத்தனர். பின்னையோர் கணக்கின்படி திருக்குறளில் குறளடி ஒன்றேனும் இல்லை. முதலடி நாற்சீர் அளவடி, ஈற்றடி முச்சீர்ச் சிந்தடி. இதனைத் தேர்விற் கேட்டால் பெரும்பாலோர் வழுவுவர்.

இனி இச்சொல்லின் ஏற்றமும் தாழ்வும் ஒருங்கு காணப்படும் இடத்துக்கு வருவோம். கடவுள் வாழ்த்து அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஏழனுள் இறைவனின் தாளோ அடியோ பேசப்படுகிறது. தாள் நான்கினும் அடி மூன்றினும். முகத்தையோ கையையோ வள்ளுவர் அங்குப் பேசவில்லை. துறவோர் அடிகளாயினர், இளங்கோவடிகள் முதல் மறைமலையடிகள் வரை அது பெயரின் பகுதியாயிற்று. வைணவர் அனுமனைச் சிறிய திருவடி என்றும் கருடனைப் பெரிய திருவடி என்றும் கூறுவர். தாங்கிச் செல்வோரே தாங்கப்படுவோரின் அடியாயினர். மேற்கு மாம்பலத்து அயோத்தியா மண்டபத்தில் இராமகாதை சொல்வோர் வாயில் சிறிய திருவடி என்னும் தொடரை ஒருமுறையேனும் கேளாதார் அரியர். அருகிலுள்ள கோதண்டராமர் கோயிலில் சடாரியைத் தலைமேல் ஏற்கின்றனர். திருவடி பொறித்த அம்முடி தலையில் அமரும்போது உடம்பின் மேல்கீழ் முறை ஒருகணம் மாறிவிடுகிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார் ஒவ்வொருவர்க்கும் தம்மை அடியன் என்று சொல்லிச் சென்றார். தாழ்வே அங்குப் பேறு.

இவ்வளவோடு நிறுத்தினால் ஆராய்ச்சி பாதியே ஆகும். அதே சுந்தரரின் வரலாற்றில், பெரியபுராணம் கூறுமாறு, அவருடைய மணப்பந்தரில் முதியவர் ஒருவர் தோன்றி, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலைகாட்டி வழக்கிட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் அவ்வோலை செல்லும் என முடிவாயிற்று. முதியவர் இறைவன் என்பதால் இதனை அருட்செயலாகப் படிக்கிறோம். ஆனால் அவ்வழக்கு நடக்குமாறு ஊரவை இருந்தது, ஓலை இருந்தது, மனிதனை வழிவழியாக ஒருவர்க்கு உரியவன் எனக் காட்டும் ஆவணத்தை எவரும் வியக்கவில்லை என்பனவும் அக்கதையினுள்ளேயே உள்ளன. கோயில்களுக்கு மக்கள் விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிவுசெய்துள்ளன. நிலத்தோடு ஆட்களையும் விற்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கும்பினியார் ஆட்சியில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. இலத்தீனச் சொல்லில் தாழ்பகுதியும் நிலமும் முதற்பணமும் ஒருங்கு நின்றதைக் கண்டோம். தமிழ்நிலத்தில் அவற்றோடு மனிதனும் நின்றான்.

எனின், அடி என்பது தரத்தாழ்வு உணர்த்தாது என்ற எம் கூற்று வீழ்ந்ததோ எனின், வீழவில்லை; ஆனால் திருந்துகிறது. அடிமை என்பதிலுள்ள அடி அடிமைப்பட்டவனுடையதன்று, உடையவனுடையது. அடியார் என்பதிலும் அவ்வாறே. பிறனொருவன் அடியைச் சார்ந்தமையே இச்சொற்களின் பொருள். வரிசையில் எத்தனையாவது இடம் என்பது இங்கு வினாவன்று. யார் காலின்கீழ் என்பதே வினா. கடையர் என்ற சொல் இகழ்கிறது. அடிமை என்ற சொல் இகழ்வதோடு அமையாமல் உடைமையாக்குகிறது. சமயநூலார் உடையவன் இறைவன் என்பதால் அதனைக் கொண்டாடினர்; வயலில் நின்றவனுக்கு உடையவன் யார் என்பது வேறு. அடிமை என்னும் சொல்லின் சிறப்பைப் பத்தி இலக்கியத்தை மட்டும் கொண்டு விரிப்போர் இவ்வேறுபாட்டை விட்டுவிடுகின்றனர். இதனை யாம் குறையாகவே கருதுகிறோம்.

இக்கால வழக்கில் ‘அடித்தட்டு மக்கள்’ என்னும் தொடர் செய்தித்தாளிலும் ஆய்வேட்டிலும் நிறைந்துள்ளது. இது ஆங்கிலச் சமூகவியலின் நிழல். அடிமட்டம் என்பதும் அவ்வழியே செல்கிறது. எம் மாணவர் வகுப்பைப் பற்றி எழுதியபோது நகைத்தோம். சமுதாயத்தைப் பற்றி எழுதும்போது அதே பிழையை ஏற்றுக்கொண்டோம். தட்டு என்பது சினையன்று. அலமாரியில் ஒரு தட்டை எடுத்துவிட்டாலும் மற்றவை நிற்கும். அடியையும் தட்டையும் கூட்டியதில் அடிக்குரிய தமிழ்ப்பொருள், ஒரு முதலின் உறுப்பு என்பது, அறுந்துவிட்டது. உயரத்தின் கணக்கு மட்டுமே எஞ்சியது. அடித்தளம் என்பதில் அது அறவில்லை. ஏனெனில் தளமின்றி வீடில்லை. இத்தொடரை விலக்குக என்று யாம் கூறவில்லை. வழங்கிவிட்ட சொல்லை விலக்கும் ஆற்றல் தமிழ்த்துறைக்கு இருந்ததில்லை. ஆனால் இதனை மொழிபெயர்ப்பு வரவு என்று அகராதி குறித்தல் வேண்டும். பழம்பொருளோடு கலந்து ஓரெண்ணின்கீழ் வைத்தல் தகாது.

இருசொல் ஒன்றோடொன்று கலத்தலும் நம் கண்முன் நிகழ்கிறது. அடிமாடு என்பது கொலைக்கு விற்கும் மாடு. இதிலுள்ள அடி வினைவழிவந்த இரண்டாம் சொல் என்பது எம் கருத்து. அம்மாட்டுக்குக் கிடைக்கும் சிறுவிலை அடிமாட்டு விலை. மேற்கு மாம்பலத்துக் கடைத்தெருவில் இத்தொடரை வழங்குவோர் சிலரை வினவினோம். மாட்டை நினைத்தவர் ஒருவரே. ஏனையோர் ‘எல்லாவற்றுக்கும் அடியான விலை’ என்று விளக்கினர். இறங்க இடமில்லாத விலை என்று ஒருவர் கூறியது எமக்குப் பிடித்திருந்தது. அங்கே மாடு மறைந்து, முதற் சொல் இரண்டாம் சொல்லின் வீட்டிற் குடிபுகுந்துவிட்டது. அடியாள் என்பதன் நிலை இதற்கு மறுதலை. அடியான் என்பதன் பெண்பாலாகித் தொண்டு செய்பவளைக் குறித்த அச்சொல், இன்று கூலிக்கு அடிக்கும் ஆளையே குறிக்கிறது. எழுத்தில் வேறுபாடு ஏதும் இல்லை. பிரிப்பில் அடி, ஆள் என இருசொல் நிற்கின்றன, முன்னதில் ஆள் என்பது விகுதி. வைணவ நூலைப் பயிற்றும்போது இச்சொல் வந்தால் மாணவர் புன்னகைப்பதற்கு அவர்களை நோவதிற் பயனில்லை.

பேரகராதியைத் திருத்திப் பதிப்பிக்கும்போது முதற் சொல்லின் தலைப்பில் நிற்கும் பகுதி என்பதை முன்வைத்து, பாதம், மரமுதல், கலத்தின் அடி என்பனவற்றை அதன் நேர்க்கிளைகளாகவும், நடை, அளவு, செய்யுளடி என்பனவற்றை ஊன்றுதல் வழிவந்த கிளையாகவும், அடிகள், அடியார், அடிமை என்பனவற்றைச் சார்தல் வழிவந்த கிளையாகவும், ஊர்ப்பெயரீற்றை ஈழ வழக்கோடு சேர்த்துத் தனியாகவும் அமைக்கலாம். அடித்தட்டு புதுவரவாக இறுதியில் நிற்கும். அடியாளை இரு தலைச்சொற்களாகவே பதிப்பித்தல் வேண்டும்; ஒன்றன்பால் பெண்பால் என்றும் மற்றொன்றன்பால் பேச்சு வழக்கு என்றும் குறிப்பு அமையும். அடிமாடு இரண்டாம் சொல்லின் பக்கத்திலேயே நிற்கட்டும். அடிமாட்டு விலைக்கு மட்டும் இருபுறமும் ஒரு சுட்டு இடப்படல் வேண்டும்.